வேப்பிலை கட்டிய படகு

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு சண்டைக்காலத்தை நினைத்து ஏங்குகிற ஆள் உங்களில் யாராவது உண்டா? நான் ஏங்குகிறேன். வெளியே சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நம் எல்லோருக்குமே கொஞ்சம் பிசகிய வயதுதானே.

போன வாரம் மீஞ்சூரில், மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் எங்கேயோ நடக்கிற போரைக் காட்டினார்கள். சாலையோரம் ஒரு ஆம்புலன்ஸ் எரிந்து கிடந்தது. "உள்ள துப்பாக்கி வச்சினு போனாங்களாம், அதான் அடிச்சிட்டாங்க" என்றான் மகன். "யாரு பாத்தா? உள்ள பேஷன்ட்டு இருந்திருந்தா?" என்றாள் மருமகள். இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. கடைசியில் மகன் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுமா, யாரு மேல தப்பு?" என்றான். "மீன் ஆறுது, துன்னுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அதைச் சொல்ல ஏரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உங்களுக்கு உண்டு.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் இருந்தது. காலையில் கண் விழித்தால் ஒரு காதில் கடல் கத்தும், இன்னொரு காதில் ஏரி முணுமுணுக்கும். இரண்டும் கலக்கிற முகத்துவாரம் எங்களுக்கு வடக்கே. அதைத் தாண்டினால் இன்னொரு குப்பம். நாங்கள் அவர்களை எதிர்க்கரை என்போம், அவர்கள் எங்களை எதிர்க்கரை என்பார்கள். அம்மா அந்த ஊர்ப் பெண். அம்மாவின் தம்பியும் தங்கையும், அதாவது என் மாமாவும் சித்தியும், அங்கேதான் இருந்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு ஊதியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் அந்த வீட்டு அம்மா எதிர்க்கரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். எந்தப் பாட்டில் யார், எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முகத்துவாரத்துப் பாடு எங்கள் ஊருடையது. ஐப்பசி மழையில் கடலும் ஏரியும் கலக்கும்போது இறால் அந்த வழியாகத்தான் வரும். அந்தப் பருவத்து இறால்தான் எங்களுக்கு வருஷச் சோறு.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயதிருக்கும். அந்த ஐப்பசியில் பேய்மழை பெய்து முகத்துவாரம் இடம் மாறிவிட்டது. பழைய வாய் மணலால் அடைத்துக்கொண்டது. கொஞ்சம் வடக்கே, எதிர்க்கரை ஊரின் மூக்குக்கு நேராகப் புதிய வாய் உடைந்தது. "வாய் போன எடத்துக்குப் பாடும் போவும். அது எங்க பாடு" என்றார்கள் எங்கள் ஊரில். "எங்க வாசல்ல ஒடஞ்சது உன்து எப்பிடியா ஆவும்?" என்றார்கள் அவர்கள். இத்தனை வருஷம் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டைதான் சீக்கிரம் முடியாது.

அவர்கள் புது வாயின் குறுக்கே கயிறு கட்டிப் படகுகளை நிறுத்திக் காவல் போட்டார்கள். எங்கள் ஆட்கள் கழியும் துடுப்புமாகப் போனார்கள். சண்டை தொடங்கியது.

இப்போது நான் ஏங்குகிற பகுதிக்கு வருகிறேன். திட்டாதீர்கள்.

சண்டை வந்ததும் நைனா, எங்கள் அப்பா, வீட்டில் இருந்தார். அதற்கு முன் அவர் எங்களுக்குப் பகலில் தூங்குகிற ஒரு போர்வை மட்டும்தான். இப்போது தண்ணீரில் தொழில் இல்லை. உட்கார்ந்து தலை வாரிவிட்டார். கடல் நண்டுக்கும் ஏரி நண்டுக்கும் நடக்கிற கல்யாணத்தைப் பற்றிக் கதை சொன்னார். ஆண்களெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஊருக்கே ஒரே உலை வைத்தார்கள். வலைக் கொட்டகையில் பெரிய அண்டா. சோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட இறால் தலையை இடித்துச் செய்த துவையல். மழை தகரத்தில் கொட்டும். ஈரச் சவுக்குக் கட்டை புகைந்து கண்ணெல்லாம் எரியும். அந்தப் புகைக்குள் யார் வீட்டுப் பிள்ளை யார் மடியில் என்று தெரியாமல் சாப்பிட்டுத் தூங்கினோம். எனக்கென்று ஒரு தகரத் தட்டு இருந்தது, விளிம்பில் நீலப் பூ போட்டது. அந்தப் பருவத்தில்தான் எங்கோ தொலைந்தது. இன்றைக்கும் பாத்திரக் கடைக்குப் போனால் என் கண் அதைத் தேடும்.

எங்கள் சண்டைக்குச் சட்டம் உண்டு. அதை யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எங்களைப் போன்ற பொடிசுகளுக்கும் மனப்பாடம். நாங்கள் விளையாட்டுச் சண்டை போடும்போதும் அதே சட்டம்தான். ஆளை அடிக்கலாம், படகைக் கொளுத்தக் கூடாது. கூடை தூக்கி வருகிற மீன்காரி எந்த ஊர்க்காரியானாலும் வழி மறிக்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தவன் யாருக்கும் எதிரி இல்லை, அவனுக்குக் கழியை நீட்டித் தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வேப்பிலை. பிள்ளை வலி எடுத்தவளோ, நோயாளியோ, அம்மை கண்டவர்களோ போகிற படகின் முன்மூக்கில் வேப்பிலைக் கொத்து கட்டுவார்கள். அந்தப் படகைக் கண்டால் அடிக்கிற கை நிற்கும். வலைக் கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வழி விடுவார்கள். அதில் இருப்பது ஆத்தா. அவளுக்கு எதிர்க்கரை ஏது?

ஒரு நாள் எதிர்க்கரை ஆள் ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டான். நைனாதான் கழியை நீட்டினார். அவன் எங்கள் படகில் ஏறி உட்கார்ந்து, இருமி முடித்து, பீடி வாங்கிப் பிடித்தான். "ஒங்க ஊட்டுல இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனானாம். நைனா அதைச் சொல்லிச் சிரித்தபோது கொட்டகையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அந்த வாரத்தில் அம்மா சிரித்தது அப்போதுதான்.

அம்மாவுக்கு அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் தூக்கி வளர்த்த தம்பி. நைனா கிளம்பும்போது, "பாத்துயா" என்பாள். யாரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அப்போது அம்மா ஏன் எங்களோடு சேர்ந்து கூச்சல் போடவில்லை என்று எனக்குக் கோபமாக இருக்கும்.

பள்ளிக்கூடம் கிடையாது. டீச்சர் பழவேற்காட்டிலிருந்து படகில் வர வேண்டும், படகோட்டிகளெல்லாம் காவலில் இருந்தார்கள். ஒரே ஒரு நாள் எப்படியோ வந்து சேர்ந்தார். எங்களை உட்கார வைத்து, "சண்டை போடுவது தப்பு. எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்றார். "அப்ப எறால் யாருக்கு டீச்சர்?" என்று கேட்டாள் என் சிநேகிதி. டீச்சர் யோசித்துவிட்டு எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். நல்ல மனுஷி. எங்களுக்கு வேண்டிய பாடம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

மணல் பூமியில் கல் கிடைக்காது. எறிவதற்கு என்ன செய்வது? வலையை அமிழ்த்த ஈயக் குண்டு வாங்க வக்கில்லாத வீடுகளில் ஏரிக் களிமண்ணை உருட்டி, ஓட்டை போட்டுச் சுட்டு வலையில் கோப்பார்கள். அந்த மண்குண்டுகள்தான் எங்கள் ஆயுதம். உருட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. களிமண் விரலிடுக்கில் வழியும், ஒரு மாதிரி கிளிஞ்சல் நாற்றம் அடிக்கும். எனக்கு அந்த நாற்றம் ரொம்பப் பிடிக்கும். சூளையிலிருந்து எடுத்தவுடன் கையில் வைத்துக்கொண்டால் மழைக்குளிருக்கு அவ்வளவு இதம்.

இப்படியே கார்த்திகை பிறந்துவிட்டது. இறால் வந்து போய்க்கொண்டிருந்தது, ஒரு கூடைகூட எங்கள் கரைக்கு ஏறவில்லை. அண்டாவில் சோறு குறைந்து கஞ்சியானது. கஞ்சி நீர்த்தது. அப்போதுதான் பெரியப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. நைனாவின் அண்ணன் அவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பொன்னேரிச் சந்தைக்குப் போனால் எனக்குக் கண்ணாடி வளையல் வாங்காமல் திரும்ப மாட்டார். கஞ்சி நீர்த்துப்போனதை அவரால் பார்க்க முடியவில்லை.

ஒரு காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒரு கொத்து வேப்பில கட்டிக் குடுமா. நம்ம ஊட்டுச் சின்னதுக்கு அம்மை போட்டுக்கீது. வடக்கால அம்மன் கோயில்ல தண்ணி ஊத்தினு வந்துடறோம்" என்றார். அம்மா பதறிப்போய்ப் பின்பக்கத்து வேப்பமரத்தில் கொத்து ஒடித்தாள். தன் பழைய மஞ்சள் புடவையில் ஒரு ஓரம் கிழித்தாள். எங்கள் ஊரில் கொத்தின் நுனி மேலே நிற்கும்படி கட்டுவார்கள். எதிர்க்கரையில் நுனி கீழே தொங்கும்படி கட்டுவார்கள். அம்மாவுக்கு எத்தனை வருஷமானாலும் பிறந்த வீட்டுக் கட்டுதான் கையில் வரும். "ஆத்தா, கொழந்தையக் காப்பாத்து" என்று கண்ணை மூடிச் சொல்லி, கட்டிய கொத்தை அவர் கையில் கொடுத்தாள்.

மதியத்துக்குள் எங்கள் கரையில் ஒரே கூச்சல். புது வாய் எங்களுடையதாகிவிட்டது! எதிர்க்கரைக்காரர்கள் காவல் படகுகளை விட்டுவிட்டு ஓடிவிட்டார்களாம். பெரியப்பாவைத் தோளில் தூக்கி வந்தார்கள். அன்றைக்கே வலை கட்டி, அன்றைக்கே இறால். வலையைக் கொட்டும்போது இறால் துள்ளுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி, அதைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! நாங்கள் வயிறு முட்டத் தின்றோம். ஆடு அடித்தார்கள். பெரியப்பா என்னைத் தட்டாமாலை சுற்றினார். அப்படியொரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் எதிர்க்கரை மீன்காரி ஒருத்தி கூடையோடு வந்தாள். சண்டையிலும் அவர்களுக்கு வழி உண்டு என்று சொன்னேனே. எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்தபடியே கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வேப்பில கட்டினு படகு வந்திச்சிக்கா. நடுவுல பாய் மூடிக்கீது. ஒந்தம்பிதான் காவல்ல இருந்தான். கொத்து கீழ தொங்குது, மஞ்சத்துணி சுத்திக்கீது. பாத்த ஒடனே 'எங்கக்கா கட்டு, எங்கக்கா பொண்ணுக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சி'ன்னு தண்ணில குதிச்சிட்டான். ரெண்டு கையாலயும் கயித்தத் தூக்கித் தலைக்கு மேல புடிச்சினு நிக்கறான். 'ஜல்தி போங்கயா'ன்னு இவனே அவசரப்படுத்தறான். படகு உள்ள வந்திச்சி. பாயத் தூக்கிக்கினு ஒங்க ஊர் ஆம்பளைங்க எழுந்தாங்க. மொத அடி அவன் கைல. கயித்தப் புடிச்சினு இருந்த கைல."

மீன்காரி போகும்போது அம்மா, "எந்தக் கை?" என்றாள். "சோத்துக் கை" என்றாள் அவள்.

அன்று மாலை நைனா வந்ததும் வீட்டில் நடந்த பேச்சு, இப்போது அந்த டிவிச் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் என் காதில் விழுகிறது. நைனா படகில் கழி பிடித்தவர், மாமாவை அடித்தது அவரில்லை. அதை முதலில் சொன்னார். பிறகு நியாயம் பேசினார்.

"இத்தக் கேளு. நேரா மோதியிருந்தா இன்னா ஆயிருக்கும்? நாலு பேரு மண்ட ஒடஞ்சிருக்கும், ஒண்ணு ரெண்டு உசுரு போயிருக்கும். ஒந்தம்பி உசுராவே இருந்திருக்கலாம். ஒரு வேப்பிலையால சண்டயே முடிஞ்சிபோச்சி. ஒரு கைதான் போச்சி. புள்ளைங்க சோறு துன்னுதுங்க."

"கை போனது ஒனக்குத் தெரிது. வேப்பில போச்சே, அது தெரிதா?"

"வேப்பில இன்னாடி, மரத்துல நெறைய கீது."

"இனிமே எவன் கயித்தத் தூக்குவான்?"

நைனா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் நல்ல மனிதர். அவர் சொன்ன கணக்கிலும் தப்பில்லை. நேராக மோதியிருந்தால் நிஜமாகவே ஒன்றிரண்டு பேர் செத்திருப்பார்கள். ஆனால் அவர் அன்றைக்கு ஒரு நாள் கணக்கைத்தான் பார்த்தார். அம்மா அதற்கப்புறம் வரப்போகிற நாளையெல்லாம் பார்த்துவிட்டாள். எனக்கு அப்போது நைனா சொன்னதுதான் சரியென்று பட்டது. வயிறு நிறைந்திருந்தது, பாருங்கள்.

சித்தி அப்போது நிறைமாதம். பூரித்த கன்னம், எப்போதும் வெற்றிலை வாசனை. சண்டைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் படுப்பாள். அவளுக்கு வலி எடுத்தால் பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு எங்கள் ஊர்த் தண்ணீரைத் தாண்டித்தான் வழி. அம்மா தினமும் சாயங்காலம் வடக்கே பார்த்து நிற்பாள்.

அது ஒரு வெயில் நாள். மழை விட்டு ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தன. அம்மா கடல் பக்கம் இறால் காயவைக்கப் போயிருந்தாள். ஏரிக்கரையில் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது எங்கள் காவல் படகிலிருந்து சிரிப்பு கேட்டது. பார்த்தால் வடக்கேயிருந்து ஒரு படகு. மூக்கில் வேப்பிலை, நடுவில் பாய்.

"நம்ம வித்தைய நமக்கே காட்டறானுங்கடா!" என்று பெரியப்பா கத்தினார்.

படகிலிருந்து ஒரு குரல், "புள்ளவலிக்காரி கீறா, வழி உடுங்க" என்றது. எங்கள் ஆட்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். "போன தபா எங்களுக்கு அம்மை, இந்தத் தபா ஒனக்குப் புள்ளவலியா?" மண்குண்டுகள் பறந்தன. ஒன்று படகின் பக்கத்தில் பட்டு உடைந்தது. கரையிலிருந்த பொடிசுகள் எல்லோரும் கைதட்டினோம். பாய்க்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. நடிக்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் அதற்கும் சிரித்தார்கள். பொய்க்கு வேப்பிலை கட்டியவர்களால் இன்னொருவனின் வேப்பிலையை நிஜமென்று நம்ப முடியவில்லை. படகு திரும்பியது.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி அம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் இறால் ஓடு. படகைப் பார்த்தாள். பின்னால் நின்று ஒற்றைக் கையால் கழி ஊன்றுகிற ஆளைப் பார்த்தாள். இன்னொரு கை கழுத்தில் தூளி கட்டித் தொங்கியது. அம்மா ஏரியில் இறங்கிவிட்டாள். எங்கள் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பு, மார்பு, கழுத்து என்று போய்க்கொண்டே இருந்தாள். தண்ணீரில் ஆள் இருந்தால் எறியக் கூடாது, அந்தச் சட்டம் ஒன்றாவது மிச்சமிருந்தது. குண்டு எறிவது நின்றது.

"தம்பீ! திருப்புடா படகை! நான் கூட வரேன்டா! யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா!"

மாமா திரும்பிப் பார்த்தார். அவர் நின்றதை நான் பார்த்தேன். கழி தண்ணீரில் ஊன்றியபடி, படகு அசையாமல், அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா கட்டிய வேப்பிலையை ஒரு முறை நம்பியவர் அவர். இப்போது அக்காவின் குரல். பிறகு கழியைப் பிடுங்கினார். படகு மேற்கே போனது.

நைனாதான் நீந்திப் போய் அம்மாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்தார்.

அவர்கள் ஏரியை முழுக்கக் கடந்து, ஆரம்பாக்கம் பக்கம் கரையேறி, ரோட்டுக்குப் போய் வண்டி பிடிக்கலாம் என்று போனார்கள். பாதி ஏரியிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லையாம். சித்தி பிழைத்துக்கொண்டாள்.

செய்தி வந்த அன்று எங்கள் கொட்டகையில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பெரியப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசினார்கள். புது வாயில் ஒரு நாள் அவர்கள், ஒரு நாள் நாங்கள் என்று முடிவானது. ஒரே உட்காரலில் முடிந்துவிட்டது! அதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் அது இருந்தது.

சித்தி பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் படுத்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் அம்மாவிடமோ அம்மா அவளிடமோ பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் வந்தார். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தார். கோணலாகச் சேர்ந்துபோன அந்த வலது கையால்தான். என்னிடம் உயிராக இருப்பார். அம்மாவிடம் சிரித்துப் பேசுவார். ஆனால் பேசும்போது வேறெங்கோ பார்ப்பார்.

வேப்பிலை கட்டுகிற வழக்கம் ஏரியில் அதோடு தேய்ந்துபோனது. கட்டினாலும் யாரும் கயிற்றைத் தூக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புது வழக்கம் வந்தது. நோயாளிப் படகு எதுவானாலும் நிறுத்தி, பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். எல்லா ஊருக்கும் அதுதான் ஊர்க் கட்டு, மீறக் கூடாத விதி. அம்மாவும் எங்கள் பின்பக்கத்து மரத்தில் கொத்து ஒடித்ததே இல்லை. அம்மை போட்ட வீட்டுக்காரர்கள் கேட்டு வந்தால், "நீங்களே ஒடிச்சிக்கோங்க" என்று உள்ளே போய்விடுவாள்.

என்னைக் கட்டிக்கொடுத்தது எதிர்க்கரைக்கும் வடக்கே ஒரு குப்பத்தில். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக அம்மா வந்திருந்தாள். மறுநாள் கிளம்பலாம் என்றிருந்தபோது காலையிலேயே எனக்கு வலி எடுத்துவிட்டது. படகில் பாய் போட்டுப் படுக்க வைத்து மேலே இன்னொரு பாயை வளைத்துக் கட்டினார்கள். என் மாமியார் பழைய பழக்கத்தில் வேப்பிலைக் கொத்தோடு ஓடிவந்தார். அம்மா அதை வாங்கவில்லை. தானே போய்ப் படகின் மூக்கில், வேப்பிலை இருக்க வேண்டிய இடத்தில், வெயிலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

முகத்துவாரத்தில் அன்றைக்கு எதிர்க்கரை ஊரின் முறை. குறுக்கே கயிறு. படகு நின்றது. பாய்க்குள்ளிருந்து எனக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. தண்ணீரில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது.

"யாருக்கு இன்னாக்கா?"

மாமாவின் குரல்.

"ஒம் மருமவளுக்கு வலி எடுத்துக்கீதுடா."

எனக்கு உயிர் போகிற வலி. ஆனால் வலியைவிட, மாமா என்ன செய்யப்போகிறார் என்பதுதான் பெரிதாக இருந்தது. அம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயால் சொல்லிவிட்டாள். அது போதாதா?

"ஊர்க் கட்டுக்கா" என்றார் மாமா மெதுவாக.

"தெரியும்டா. பாத்துட்டு உடு."

பாய் ஓரம் தூக்கியது. வெளிச்சம் கண்ணைக் கூசியது. அந்தக் கோணல் கைதான் முதலில் தெரிந்தது, பிறகு முகம். என்னைப் பார்த்ததும் அந்த முகம் சுருங்கிவிட்டது. பாயை விட்டுவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். படகு தாண்டியதும் தானே ஏறிக் கழியைப் பிடுங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிவரை அவர்தான் ஊன்றினார். வழியெல்லாம் அழுதுகொண்டே ஊன்றினார் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். என் மகன் நன்றாக அழுதுகொண்டே பிறந்தான். இப்போது டிவி முன்னால் நியாயம் பேசுகிறவன் அவன்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மனது ஆறவில்லை.

"நீயே முன்னால குந்தியிருந்த. உன் வாயால சொன்ன. அப்பவும் மாமா பாயத் தூக்கிப் பாத்துட்டாரே மா" என்றேன்.

அம்மா காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தவில்லை.

"அவன் ஒரு தபா பாக்காம உட்டான்டி" என்றாள். "உள்ள நீதான் கீறேன்னு நெனச்சி உட்டான். அந்தக் கைதான் அது."